அண்ணன் போட்ட ஜல்லி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்புறப் புல்தரையில் குந்தி உட்கார்ந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கோரை மேலே பார்த்தால் புல் மாதிரியேதான் இருக்கும். பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும், ஆனால் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். அடுத்த வாரம் அதே இடத்தில் கொத்தாக எழுந்து நிற்கும். அதனால் களைக்கொத்தியால் குத்திக் குத்திக் கிழங்கோடு எடுக்க வேண்டும். நான் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள். வாரம் முழுக்க ஊசியும் குழாயுமாக நிற்கிற எனக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அந்த ஓய்வு இப்படிக் கிழங்கெடுப்பில் போனது.

போன் அடித்தது. மெல்போர்னிலிருந்து அண்ணன்.

"பாப்பா, ஒனக்கு வலது கைப் பக்கம் செவுரோரமா பாரு. மஞ்சளா ஒரு திட்டு தெரியுது. அங்க தண்ணி பத்தல போல."

நிமிர்ந்து போர்டிகோ தூணைப் பார்த்தேன். அதன் உச்சியில் அவன் மாட்டிவிட்டுப் போன கேமரா இருந்தது.

"அந்த மஞ்சத் திட்டுக்குப் பக்கத்துல நான் குந்தியிருக்கறது தெரியுதா?"

"தெரியுதே. ஏன்?"

"ஒண்ணுமில்லண்ணா. தெரியுதான்னு கேட்டேன்."

அவனுக்கு உறைக்கவில்லை. உரம் எப்போது போட்டாய் என்று கேட்டான். போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறியிருக்குமோ என்று யோசனை சொன்னான். பிறகு, "ஜல்லிய ஒருதரம் வாரி வுட்டுடு பாப்பா, சக்கரம் போன தடம் பள்ளமா தெரியுது, அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தான். கையிலிருந்த கோரையை ஜல்லி மேலேயே வீசினேன். அதையும் பிறகு நான்தான் பொறுக்க வேண்டும் என்பது வீசிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடலூர் செம்மண்டலத்து இந்த வீடு அப்பா கட்டியது. வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே நல்ல நீளமான இடம். அப்பா அது முழுக்கச் சிமெண்டு போட்டு வைத்திருந்தார். அழகு என்று சொல்ல முடியாது. வெயிலில் கொதிக்கும். ஒரு மூலையில் விரிசல், விரிசலுக்குள் எறும்பு. ஆனால் அதன்மேல் ஸ்கூட்டர் ஓடியது, கார் நின்றது, வடகம் காய்ந்தது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளினால் வேலை முடிந்தது.

அதில் ஒரு குறையும் இருந்தது. தெரு ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வீடு பள்ளமாகிப் போனது. ஒரு பெருமழையில் சிமெண்டு மேல் விழுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கூடத்துக்குள் வந்தது. பீரோவின் அடித்தட்டு ஊறி உப்பியது. அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அப்பா இறந்தார். காரியத்துக்கு வந்த அண்ணன் முன்வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டினான்.

"இந்த சிமெண்ட ஒடைச்சிட்டு ஜல்லி போட்டுடலாம். தண்ணி அப்பிடியே பூமிக்குள்ள எறங்கிடும். இந்தப் பக்கம் லான். அங்கெல்லாம் இப்பிடித்தான் வச்சிருக்கான்."

அங்கே அவன் குடியிருப்பது ஒரு அடுக்குமாடியின் மேல்தளத்தில். புல் வெட்டுகிற வேலை அவனுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அப்போதுதான் எங்களையும் அழைத்தான். நானும் என் கணவரும் சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். கதவைத் திறந்தால் தெரு. ஒரு முழம் முற்றம்கூடக் கிடையாது. எனக்கு அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை. லேபுக்கு நடந்தே போய்விடுவேன். என் கணவருக்குக் கடலூர் முதுநகரில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை. அவர்தான் தினமும் பஸ்ஸில் போய்வந்து கொண்டிருந்தார். "அம்மா தனியா இருக்க முடியாது பாப்பா. நீங்க இங்க வந்துடுங்க. மாப்ளைக்கும் கடை பக்கம்" என்றான் அண்ணன். அவன் சொன்னதில் தப்பு இல்லை. வந்தோம். அதற்குப் பிறகு பஸ் என் தலையில் விழுந்தது. செம்மங்குப்பம் வந்தால் கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்கு ஜன்னலை இழுத்து மூடிக்கொண்டு, பரங்கிப்பேட்டை திரும்புகிற இடத்தில் ஏறுகிற கூட்டத்துக்கு இடம் விட்டு ஒடுங்கிக்கொண்டு, காலையும் மாலையும் போய்வந்தேன்.

அண்ணன் சொன்னபடியே சிமெண்டை உடைத்தார்கள். அடியில் ஒரு கறுப்புத் துணி மாதிரி விரித்து அதன்மேல் ஜல்லி கொட்டினார்கள். இன்னொரு பக்கம் செம்மண் பரப்பிப் புல் பதித்தார்கள். வேலை முடிந்த அன்றைக்கு நிஜமாகவே கண்ணுக்கு நன்றாக இருந்தது. அண்ணன் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். கேமராவை மாட்டினான். புல் வெட்டுகிற கைவண்டி ஒன்றையும், இரும்புப் பல் வைத்த நீளக் காம்பு வாரி ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டு விமானம் ஏறினான்.

அடுத்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஜல்லிக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஆனால் கேட்டோரத்து ஜல்லி அரித்துக்கொண்டு தெருவுக்குப் போனது. பாண்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவிலிருந்து அள்ளிக் கொண்டுவந்து போட்டேன். பைக்கில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, "ரோட்டுல இன்னாம்மா கல்லக் கொட்டி வச்சிருக்கீங்க, வுழுந்தா யாரு பதில் சொல்றது" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

ஜல்லி ஓரிடத்தில் இருக்காது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கார் திரும்பினால் ஒதுங்கும். ஸ்கூட்டர் பிரேக் போட்டால் குழியாகும். செருப்பில் ஒட்டிக்கொண்டு கூடத்துக்கு வரும், மொசைக்கில் கீறும். புல்லுக்குள் தெறிக்கும். புல் வெட்டும்போது பிளேடில் மாட்டி டங்கென்று காலில் அடிக்கும். பக்கத்து வீட்டு பாதாம் மரத்து இலை அத்தனையும் இங்கேதான் விழும். சிமெண்டாக இருந்தால் ஒரே தள்ளு. ஜல்லி மேல் விளக்குமாறு ஓடாது, இலையோடு கல்லும் வரும். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வந்த அக்கா ஒரே வாரத்தில், "உள்ள வேல எதுன்னாலும் சொல்லுங்க, வெளிய மட்டும் என்னால ஆவாது" என்று கையைத் தூக்கிவிட்டார். தெருப் பூனைகளுக்கு மட்டும் அது கொண்டாட்டம். தோண்டி, வெளிக்கு இருந்து, மூடிவிட்டுப் போய்விடும். வாரியை இழுக்கும்போது எனக்குத்தான் தெரியும் எங்கே என்ன இருக்கிறது என்று.

என் கணவர் சண்டைக்கே போகாத மனிதர். "மச்சான் ஆசைப்பட்டுப் போட்டாரு, வுடு" என்பார். விட்டுவிட்டு அவர் கடைக்குப் போய்விடுவார். வாரி என் கையில் இருக்கும். அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

இத்தனையையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அம்மாவுக்கு முட்டி போனது. நாலு கால் வைத்த வாக்கர் இல்லாமல் நடக்க முடியாமல் ஆனது. வாக்கரின் கால்கள் ரப்பர் முனை வைத்தவை. சமதளத்தில் நன்றாக ஊன்றும். ஜல்லியில் ஒரு கால் புதையும், இன்னொரு கால் தூக்கும், மூன்றாவது வழுக்கும். அம்மா போர்டிகோவோடு நின்றுவிட்டாள். அதற்கு முன்னால் காலையில் கேட் வரை போய் தெருவில் போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசி, தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற மீன்காரம்மாவிடம் பேரம் பேசி, எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு நலம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அது நின்றது. கண்ணுக்கு எதிரே கேட் இருக்கிறது, போக முடியவில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஒரு வாக்கர் போற அளவுக்கு மட்டும் நடுவுல சிமெண்டு போட்டுக்கறேண்ணா."

"ஐயோ, அவ்ளோ நல்லா போட்டத நடுவுல கிழிக்கவா? லுக்கே போயிடும் பாப்பா. நடக்கறதுக்குப் பட்டைக் கல்லு விக்கறாங்க பாரு, அத வரிசையா பதிச்சி வுடு. பாக்கவும் நல்லா இருக்கும்."

"அம்மா நடக்கறதுக்குக் கேக்கறேன். பாக்கறதுக்குக் கேக்கல."

"நடக்கறதுக்கும்தான் சொல்றேன்."

பட்டைக் கல் பதித்தோம். கல்லின் அகலம் ஒரு ஆள் பாதம் வைக்கத் தோது. வாக்கருக்கு இரண்டு கால் கல்மேல், இரண்டு கால் ஜல்லியில். நான் அம்மாவிடம், யாராவது வீட்டில் இருக்கும்போது மட்டும் இறங்கு என்று சொல்லி வைத்தேன். அம்மா தலையை ஆட்டினாள்.

ஒரு வேலை நாளில், லேபில் காலைக் கூட்டம் வடிந்த நேரம், அண்ணனின் போன் வந்தது. அவன் அந்த நேரத்தில் கூப்பிடுவதே இல்லை.

"அண்ணா, நான் வேலையில இருக்கேன். புல்லப் பத்தி சாயங்காலம் பேசலாம்."

"அம்மா வுழுந்துடுச்சி பாப்பா!" அவன் குரல் உடைந்திருந்தது. "ஜல்லி மேல கெடக்குது. எழுந்திரிக்க முடியல. நான் பாத்துக்கினே இருக்கேன், யாரும் வரல. மாப்ள போன எடுக்கல. யாரையாவது அனுப்பு!"

எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் அதற்குள் எங்கள் கேட்டுக்குள் வந்திருந்தார். நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். வீட்டுக்குள் சமையல் செய்துகொண்டிருந்தாராம். எங்கள் வீட்டுப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல் 'அம்மா, அம்மா' என்று கத்தியதாம். "டிவி சத்தம்னு நெனச்சேன். 'யாராவது வாங்க, எங்கம்மா வுழுந்துட்டாங்க'ன்னு கேட்டதும் அடுப்ப நிறுத்திட்டு ஓடியாந்தேன். வந்து பாத்தா ஆம்பளையே இல்ல. தூணுலேர்ந்து குரல் வருது." கேமராவுக்குள் ஒரு ஸ்பீக்கரும் இருந்தது. எங்களுக்கு அது தெரியாது. அண்ணன் மெல்போர்ன் ஆபீஸில் நின்றுகொண்டு அதன் வழியாகக் கத்தியிருக்கிறான்.

மீன்காரம்மா கூவுகிற சத்தம் கேட்டு அம்மா இறங்கியிருக்கிறாள். பாதி வழியில் வாக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மீன்காரம்மா கவனிக்காமல் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரங்கள் கேட்டைத் தாண்டியதும் ஜல்லியில் புதைந்து நின்றுவிட்டன. தள்ளினால் கல்லைக் குவித்துக்கொண்டு நிற்கிறது, இழுத்தால் தூக்கியடிக்கிறது. கடைசியில் ஸ்ட்ரெச்சரை வெளியே விட்டுவிட்டு, கடையிலிருந்து ஓடிவந்த என் கணவரும் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேருமாக அம்மாவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அதில் ஒருவர் கால் வழுக்கி ஒரு பக்கம் தாழ்ந்தது. அம்மா போட்ட கூச்சல் தெரு முனை வரை கேட்டதாம். நான் அப்போது பஸ்ஸில், ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே போகிற ரயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரயில் என்ன செய்யும்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனைச் சிதம்பரத்தில் என் லேபுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டோம். நான் ஓடி ஓடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று. மயக்கம் தெளிந்து, வலி மாத்திரையில் கொஞ்சம் தூங்கி எழுந்த அம்மா என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"அவங்கொரலு கேட்டுச்சிடி. 'பயப்படாதம்மா, நான் பாத்துக்கினு இருக்கேன்'னு சொன்னான். பக்கத்துலயே நின்னு சொல்ற மாதிரி இருந்துச்சி."

சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு. எனக்கு வாய் வரை வந்தது. அவன் போட்ட கல்லில்தான் விழுந்தாய், அவன் சொன்ன பட்டைக் கல்லில்தான் வாக்கர் சாய்ந்தது என்று. கையில் டிரிப்ஸ் ஊசியோடு படுத்திருப்பவளிடம் அதைச் சொல்ல முடியுமா? வராண்டாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றேன். அவன் கத்தியதால்தான் ஆள் வந்தது. அதுவும் உண்மை. அந்த உண்மை என் கோபத்துக்குக் குறுக்கே வந்து நின்றது, அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் பழகினோம். வழவழப்பான தரை. ஒரு விரலால் தள்ளினால் போகும். அம்மா தானே சக்கரத்தைப் பிடித்து உருட்டி, பக்கத்து வார்டில் இருந்த புவனகிரி அம்மா ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வருகிற அளவுக்குத் தேறினாள். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, கேட்டருகே ஆட்டோவை விட்டு இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினேன். ஒரு தள்ளு. முன்சக்கரம் இரண்டும் ஜல்லியில் குத்திக்கொண்டு நின்றன. என் கணவரும் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு தூக்கினார்கள். அம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாண வீட்டுச் சீர்த்தட்டைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். பிசியோதெரபிக்குப் போகும்போதெல்லாம் இதேதான். தூக்க ஆள் கிடைக்கிற நேரம்தான் அம்மா வெளியே போகிற நேரம் என்று ஆனது.

நான் அண்ணனிடம் சொன்னேன். "ஜல்லிய எடுக்கப்போறேன்."

"அவசரப்படாத. நான் லீவு போட்டு வர்றேன். நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

"நீ வந்து பாக்கற வரிக்கும் அம்மா உள்ளயே குந்தியிருக்கணுமா?"

"பாப்பா, ப்ளீஸ். வர்றேன்னு சொல்றேன்ல."

என் கணவரும் சேர்ந்துகொண்டார். "வர்றாரு இல்ல, வரட்டும். சொந்தத்துல எதுக்கு மனஸ்தாபம்." காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில்தான் எனக்குள் கோபம் கெட்டிப்பட்டது. தினமும் பஸ் இறங்கி கேட்டைத் திறந்ததும் காலடியில் அந்தக் கல் கரகரக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன்.

அண்ணன் வந்தான். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுகையில் பொய் இல்லை. அன்றே சாயங்காலம், "நானே அம்மாவ கேட்டு வரிக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இறங்கினான். நான் படியில் நின்றேன். பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டிகோ முடிகிற இடத்தில் நாற்காலி நின்றது. தம் பிடித்துத் தள்ளினான். நாற்காலி முன்னால் குனிந்தது, அம்மா 'ஐயோ' என்று கையை நீட்டினாள். பின்பக்கமாகத் திருப்பி இழுத்துப் பார்த்தான். கொஞ்ச தூரம் வந்தது, பின்சக்கரங்களும் புதைந்தன. சட்டை நனைந்துவிட்டது. குனிந்து சக்கரத்தை உற்றுப் பார்த்தான்.

"இந்த சக்கரம் ரொம்ப சின்னது" என்றான். "பீச் மணல்ல ஓட்டறதுக்குன்னு பெரிய சக்கரம் வச்ச வீல்சேர் இருக்கு. ஆர்டர் போட்டுடறேன்."

படியை விட்டு இறங்கினேன்.

"அம்மாவுக்கு சக்கரம் மாத்துவ, கல்ல மாத்த மாட்டியா?"

"ஏன் கத்தற? அக்கம்பக்கம் கேக்கப்போவுது."

"கேக்கட்டும். அன்னிக்கி நீ கத்துனதையே தெருவே கேட்டுச்சி. இதையும் கேக்கட்டும். பட்டைக் கல்லு போடுன்ன, போட்டேன். அதுலதான் எலும்பு ஒடைஞ்சிது. புல்லு மஞ்சளா இருக்குன்ன, தண்ணி ஊத்துனேன். தடம் அசிங்கமா இருக்குன்ன, வாரி வுட்டேன். வாரத்துல ஒரு நாள் லீவுண்ணா எனக்கு. அந்த ஒரு நாளும் பூனப் பீய அள்ளினு கெடக்கறேன். ஒரு நாளாவது 'பாப்பா, ஒனக்கு கை வலிக்குதா'ன்னு கேட்டியா?"

"நான் என்ன எனக்காகவா போட்டேன்? தண்ணி உள்ள வருதுன்னுதான..."

"தண்ணி வரல. ஒத்துக்கறேன். அம்மாவும் வெளிய வரல."

அவன் நாற்காலியைப் பிடித்தபடி புல் பக்கம் பார்த்தான். பிறகு, தாழ்ந்த குரலில், "ஆபீஸ் முடிஞ்சி டிரெயின்ல வரும்போது தெனம் அதத்தான் பாக்கறேன் பாப்பா. அந்தப் புல்ல. பச்சையா இருந்தா, எல்லாம் நல்லா இருக்குதுன்னு தோணும்" என்றான்.

ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கணம்தான்.

"பாக்கறதுக்கு அம்மா இல்லியா?" என்றேன். "கேமராவ உள்ள மாட்டச் சொல்லியிருந்தா மாட்டியிருப்பேன்ல. நீ புல்லுக்கு மாட்டுன."

அவன் முகம் சுருங்கியது. நாற்காலியை விட்டுவிட்டு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா ஜல்லி நடுவில் நாற்காலியில் மாட்டிக்கொண்டு இருந்தாள். என் கணவரைக் கூப்பிட்டு அவளைத் தூக்கிப் போர்டிகோவில் வைத்தோம். பின்கட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போர்டிகோ ஓரத்திலிருந்து ஜல்லியை வழிக்க ஆரம்பித்தேன். இரும்பு கல்லில் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. நிறுத்தவில்லை. அடியிலிருந்த கறுப்புத் துணி தெரிந்தது. அதையும் கொத்தி இழுத்துக் கிழித்தேன்.

"வேணாம்டி" என்றாள் அம்மா. "ஊர்லேர்ந்து வந்திருக்கற புள்ள. அவம் மனசு நோவும்."

"எம் மனசு என்னம்மா ஆவும்?"

அம்மா அண்ணன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் கணவர் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடிக்கம்பியில் போட்டுவிட்டு, பாண்டை எடுத்து நான் வழித்ததை அள்ளத் தொடங்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு சண்டையில் ஒரு பக்கமாக நின்றது அன்றைக்குத்தான். இருட்டுவதற்குள் போர்டிகோவிலிருந்து கேட் வரை ஒரு நாற்காலியும் ஸ்கூட்டரும் போகிற அகலத்துக்கு மண் தெரிந்தது. என் உள்ளங்கையில் கொப்புளம்.

காலையில் கொத்தனார் வந்தார். எனக்கு அறிவு இல்லாமல் இல்லை. பழையபடி முழுசாகச் சிமெண்டு போட்டால் பழையபடி தண்ணீர் உள்ளே வரும். அதனால் நடுவில் மட்டும் பாதை, இரண்டு பக்கமும் ஜல்லி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தெரு உயரம், போர்டிகோ பள்ளம், நடுவில் சரிவு. கலவை கொட்டிச் சமன் செய்கிற நேரத்தில் அண்ணன் அறையிலிருந்து வெளியே வந்தான். முந்தின நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை. பல் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கொத்தனாரிடம், "கேட்டுகிட்ட சரிவு ஜாஸ்தியா இருக்குங்க. நாற்காலி தானா உருண்டு உள்ள வந்துடும். இன்னும் நீட்டி எடுத்து வாங்க" என்றான். கொத்தனார் என்னைப் பார்த்தார். அண்ணன் சொன்னது சரி. அது சரியாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது. "அப்பிடியே செய்ங்க" என்றேன். சரிவைக் குறைத்து நீட்டினார்கள். சிமெண்டு காயாமல் இருக்கக் கொத்தனார் ஈரச் சாக்கை அதன்மேல் விரிக்கிற வரைக்கும் அண்ணன் அங்கேயே நின்றான். என் பக்கம் திரும்பவில்லை.

கிளம்புகிற அன்று மட்டும், பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, "லான மட்டும் வுட்டுடாத" என்றான்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன். இனிமே நான் அதுல குந்த மாட்டேன். ஆளு வச்சி பாக்கறதுன்னா நீ ஏற்பாடு பண்ணு. இல்லன்னா அது பாட்டுக்கு இருக்கும்."

அவன் தலையை ஆட்டினான். ஆள் ஏற்பாடு செய்யவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் எது, கோரை எது என்று அடையாளம் தெரியாமல் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். அண்ணன் பல மாதம் என்னோடு பேசவில்லை. அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு அம்மாவோடு மட்டும் பேசினான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தங்கை, என் சித்தி, புவனகிரியிலிருந்து பார்க்க வந்தாள். அம்மா போர்டிகோவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி பாதையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பரவால்லியே அக்கா, வழவழன்னு நல்லா போட்டிருக்கீங்க. போன தரம் வந்தப்ப கல்லு குத்திக் காலு புண்ணாயிடுச்சி."

நான் டீயோடு கதவருகே வந்திருந்தேன்.

"பெரியவந்தான்" என்றாள் அம்மா. குரலில் அத்தனை பெருமை. "எனக்கு இப்பிடி ஆயிடுச்சின்னதும் லீவு போட்டுட்டு ஓடியாந்தான். கூடவே நின்னு, கொத்தனாருகிட்ட சரிவு இவ்ளோ இருக்கணும்னு சொல்லி, போட்டுக் குடுத்துட்டுத்தான் போனான்."

"புள்ளன்னா அப்பிடி இருக்கணும்" என்றாள் சித்தி.

டீயை ஸ்டூல் மேல் வைத்தேன். கொஞ்சம் சிந்தியது.

"நான் போட்டதும்மா அது. மண்வெட்டி புடிச்சி வழிச்சது நானு. கொத்தனார கூப்ட்டது நானு."

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ இல்லன்னு யாருடி சொன்னா? நீயுந்தான்." பிறகு சித்தி பக்கம் திரும்பி, "இவளும் கூடமாட இருந்தா" என்றாள்.

நான் சமையலறைக்குப் போனேன். தொட்டியில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கி வைத்தேன். வைக்கிற சத்தம் கேட்டு என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"டம்ளரு என்ன பண்ணுச்சி?" என்றார்.

கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளை வழியனுப்ப அம்மா இரண்டு சக்கரங்களையும் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே, கேட் வரை போய்க்கொண்டிருந்தாள்.